சத்தம் எதோடு சேர்ந்து சுற்றுகிறது? ஃபோர் வீல் வண்டிக்காரர்களுக்கு ஒரு எளிய விளக்கம்

வண்டிக்கு அடியில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால் யாராக இருந்தாலும் முதலில் கேட்பது "எங்கேயிருந்து வருது?" என்றுதான். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் அந்தக் கேள்விக்கு நம் காது சரியான பதில் சொல்லாது. சேஸிஸ் என்பது வண்டியின் நீளத்துக்கும் ஓடுகிற இரண்டு இரும்பு விட்டங்கள். பின்னால் ஏதோ ஒன்று தட்டினால் அந்தத் தட்டல் விட்டத்தில் ஏறி, ஓட்டுகிறவர் காலடியில் வந்து கேட்கும், வலது பக்கம் கிளம்பியது இடது பக்கம் கேட்கும். அதனால் சத்தம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது, எதோடு சேர்ந்து வேகம் பிடிக்கிறது என்பதை முதலில் பாருங்கள். வண்டிக்கு அடியில் சுற்றுகிற பொருள்கள் எல்லாம் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. சத்தம் எதன் சுற்றோடு தாளம் போடுகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இதை நான் தெரிந்துகொண்டது மாமாவின் பழைய ஜீப்பில். பெரியபட்டினம் கரையிலிருந்து மீன் பெட்டியும் ஐஸும் ஏற்றி ராமநாதபுரம் கொண்டுபோகிற வண்டி, கரையை ஒட்டிய கடைசி அரைக் கிலோமீட்டர் முழுக்க மணல், அங்கே ஃபோர் வீல் போடாமல் நகராது. ஒரு ஐப்பசி மாதம் சத்தம் ஆரம்பித்தது. கிளட்சை விடும்போது ஒரு கடக், கியர் மாற்றும்போது ஒரு கடக், மெதுவாகப் போகும்போது குருவி கத்துகிற மாதிரி கீச் கீச். முன் இடது சக்கரத்தில்தான் என்று எனக்கும் மாமாவுக்கும் அவ்வளவு உறுதி. பேரிங்கை மாற்றினோம். சத்தம் அப்படியே இருந்தது. கழற்றிய பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி உருட்டிப் பார்த்தேன், ஒரு சொரசொரப்புகூட இல்லாமல் வழுவழுவென்று சுற்றியது.

சரி, முதலில் சக்தி எந்த வழியாகப் போகிறது என்று பார்த்துவிடலாம், அது தெரியாமல் மேலே போக முடியாது. எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் வரைக்கும் எல்லா வண்டியும் ஒன்றுதான். ஃபோர் வீல் வண்டியில் கியர்பாக்ஸுக்கு அடுத்து டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று ஒரு பெட்டி இருக்கும். வந்த சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான். சின்ன லீவரை இழுத்து டூ ஹை (பின் சக்கரங்கள் மட்டும்), ஃபோர் ஹை (நாலு சக்கரமும்), ஃபோர் லோ (நாலு சக்கரமும், வேகம் குறைத்து இழுவை கூட்டி) என்று நாம் மாற்றுவது இந்தப் பெட்டிக்குள் நடக்கிறது. அங்கிருந்து ஒரு நீளக் குழாய் பின்னுக்கும் ஒன்று முன்னுக்கும் போகும், அவைதான் புரொபெல்லர் ஷாஃப்ட்கள். ஒவ்வொரு ஷாஃப்டும் போய்ச் சேருவது ஒரு டிஃபரென்ஷியலில். அதற்குள் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் கிரௌன் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும். கிரௌனிலிருந்து இரண்டு பக்கமும் ஆக்ஸில் தண்டு, அதன் நுனியில் சக்கரம் மாட்டுகிற ஹப், அது வழுவழுவென்று சுற்ற ஒரு பேரிங், பிறகு சக்கரம்.

ஆக்ஸில் பள்ளத்தில் இறங்கும், மேட்டில் ஏறும், ஆனால் டிரான்ஸ்ஃபர் கேஸ் சேஸிஸோடு கட்டப்பட்டு நிற்கும். நடுவில் இருக்கிற ஷாஃப்ட் மடங்கியபடியே சுற்ற வேண்டும். அதற்காக ஷாஃப்டின் இரண்டு நுனியிலும் கூட்டல் குறி மாதிரி ஒரு இரும்புத் துண்டு வைத்திருப்பார்கள், யுனிவர்சல் ஜாயிண்டின் உயிரே அதுதான், ஒர்க்‌ஷாப்பில் அதற்குப் பெயர் கிராஸ். அந்தக் கூட்டல் குறியின் நாலு கைகளிலும் ஒவ்வொரு மூடி, மூடிக்குள் தையல் ஊசியைவிடக் கொஞ்சம் தடிமனான உருளைகள் வரிசையாக அடுக்கியிருக்கும், அவற்றுக்கு நடுவில் கிரீஸ். ஷாஃப்டின் நீளமும் கொஞ்சம் கூடிக் குறைய வேண்டும் என்பதால் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கி ஓடுகிற ஒரு இணைப்பும் உண்டு. மாருதி ஜிப்ஸி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அதில் கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் தனித்தனிப் பெட்டிகள், நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட் ஓடும், அதற்கும் கிராஸ் உண்டு, அதைப் பலர் பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரமுள்ள டயர் ஒரு சுற்று சுற்றினால் வண்டி சுமார் 2.3 மீட்டர் நகரும். மணிக்கு 8 கிலோமீட்டர் என்றால், அதாவது சைக்கிளை அவசரமில்லாமல் மிதிக்கிற வேகத்தில், சக்கரம் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு சுற்று. ஷாஃப்ட் அப்படி இல்லை. டிஃபரென்ஷியலில் வேகம் குறைக்கப்படுவதால், சக்கரம் ஒரு தடவை சுற்றுவதற்குள் ஷாஃப்ட் நாலு தடவை சுற்றிவிடும், வண்டியைப் பொறுத்து இது கூடக் குறைய இருக்கும், சில பழைய ஜீப்புகளில் ஐந்துக்கும் மேல். எஞ்சினோ சும்மா நிற்கும்போதே விநாடிக்குப் பத்துச் சுற்றுக்கு மேல் போடுகிறது. ஆக அதே 8 கிலோமீட்டர் வேகத்தில் "டக்... டக்... டக்" என்று நிதானமாக விநாடிக்கு ஒன்று வந்தால் அது சக்கரத்தின் சுற்று: டயர், ஹப், பிரேக் டிரம், ஆக்ஸில் தண்டு இவற்றில் ஒன்று. "டகடகடக" என்று விநாடிக்கு நாலோ அதற்கு மேலோ வந்தால் ஷாஃப்டின் சுற்று: கிராஸ் அல்லது பினியன் பக்கம். எண்ணவே முடியாமல் ஒரே இரைச்சலாக இருந்து, வண்டி நின்றிருக்கும்போதும் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஏறுகிறது என்றால் எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸின் முன்பகுதி.

எண்ணுவதற்கு ஆளில்லாத நேரான ரோடும், பக்கத்தில் ஒரு நீளமான சுவரும் வேண்டும். சுவர் ஏனென்றால் அடியிலிருந்து வருகிற சத்தம் அதில் பட்டுத் திரும்பி ஜன்னல் வழியாக உள்ளே வரும், திறந்த வெளியில் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் கடற்கரை ரோட்டில் இந்தச் சோதனையைச் செய்து பிரயோஜனமில்லை. பாம்பன் ரோட்டுப் பாலத்திலும் வேண்டாம். 1988-ல் திறந்த பாலம், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், வழி நெடுக இணைப்புகள், ஒவ்வொன்றையும் டயர் தாண்டும்போது தடக் தடக் என்கிறது, அந்தத் தடக்கில் வண்டியின் தடக் கலந்துவிடும், பின்னால் வருகிற பஸ்ஸுக்கும் இடைஞ்சல். எங்களுக்கு உச்சிப்புளிக்கு உள்ளே ஒரு தோப்பின் காம்பவுண்ட் சுவர் கிடைத்தது. முதல் கியரில் போட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் ஊரவிட்டு, ஜன்னலை இறக்கி, பக்கத்தில் ஒருவர் செல்போனில் பதிவு செய்ய வேண்டும். பத்து விநாடியில் எத்தனை தட்டு என்று பிறகு வீட்டில் உட்கார்ந்து எண்ணிக்கொள்ளலாம்.

எங்களை அப்படிச் செய்யச் சொன்னது ராமநாதபுரத்தில் ஒரு மெக்கானிக். அவர் வண்டிக்கு அடியில் படுக்கவே இல்லை. "தம்பி, ஒரு நூறடி ஊர விட்டு வா, எத்தனை தட்டுன்னு எண்ணிட்டு வந்து சொல்லு" என்றார். பத்து விநாடியில் ஐம்பதுக்கு மேல் எண்ணினேன். "அப்ப வீல் இல்ல, ஷாஃப்டு" என்று சொல்லிவிட்டுத்தான் பாயை விரித்தார். பின் ஷாஃப்டை டிஃபரென்ஷியல் பக்கத்தில் கையால் பிடித்து இரண்டு பக்கமும் முறுக்கினார், கிராஸில் ஆட்டம் கண்ணுக்கே தெரிந்தது. மூடியின் விளிம்பைச் சுற்றி பனங்கருப்பட்டி நிறத்தில் நைசான ஒரு தூள் படிந்திருந்தது. அது துரு. மூடியைத் தட்டிக் கழற்றியபோது உள்ளே கிரீஸே இல்லை, ஊசி உருளைகளில் பாதி தேய்ந்து மெலிந்துபோய் இருந்தன, இரண்டு உடைந்து கிடந்தன, கிராஸின் கையில் அந்த உருளைகள் அழுத்தி அழுத்தி வரிவரியாகப் பள்ளம் விழுந்திருந்தது. விரலை வைத்துத் தடவினால் சீப்பைத் தடவுகிற மாதிரி இருக்கும். உருளை ஒவ்வொரு தடவையும் அந்தப் பள்ளத்தில் விழுந்து ஏறுவதுதான் எங்களுக்குக் கேட்ட சத்தம். மெதுவாகப் போகும்போது வந்த கீச் கீச், கிரீஸ் இல்லாத இரும்பு இரும்போடு உரசியது.

கிளட்சை விடும்போது வந்த கடக்கும் அதே இடம்தான். சக்தி முன்னோக்கித் தள்ளும்போது கிராஸ் ஒரு பக்கம் ஒட்டி நிற்கும், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் சக்கரம் ஷாஃப்டைத் தள்ள ஆரம்பிக்கும், அப்போது கிராஸ் மறுபக்கத்துக்குத் தாவும். நடுவில் எவ்வளவு இடைவெளி தேய்ந்து உண்டாகியிருக்கிறதோ அவ்வளவு பெரிய கடக். ஆகவே திசை மாறும்போது மட்டும் ஒரே ஒரு தடவை கேட்கிற கடக் என்றால் இடைவெளி என்று அர்த்தம், கிராஸிலோ வழுக்கு இணைப்பிலோ டிஃபரென்ஷியல் பற்களிலோ எங்கோ தேய்ந்திருக்கிறது.

சத்தத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தமிழுக்கு நிகரில்லை என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன். பள்ளிக்கூடத்தில் சலசல, கலகல என்று இரட்டைக்கிளவி படித்தோமே, அது மெக்கானிக்கிடம் பேசும்போது அப்படியே கைகொடுக்கிறது. "ஒரு மாதிரி சத்தம்" என்று சொல்லாமல், கடக் என்று ஒற்றையாகவா, கடகடவென்று தொடர்ச்சியாகவா, கீச்சா, கொரகொரவா, நாய் ஊளையிடுகிற மாதிரி இழுவையா என்று சொல்லிப் பாருங்கள், அவர் முகம் மாறும்.

கொரகொரவென்று வேகத்தோடு ஏறுகிற உறுமல் பெரும்பாலும் வீல் பேரிங். அதைப் பிடிக்க ஒரு வழி: ஒரே வேகத்தில் போய்க்கொண்டே, அகலமான காலி இடத்தில் லேசாக இடது பக்கம் வளையுங்கள், பிறகு வலது பக்கம். இடது பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் வலது சக்கரங்களில் சாயும். அப்போது உறுமல் கூடினால் வலது பேரிங்கைப் பாருங்கள், வலது பக்கம் திரும்பும்போது கூடினால் இடது. முதல் நாளே இதை நாங்கள் செய்திருந்தால் அந்த நல்ல பேரிங்கைக் கழற்றியிருக்க மாட்டோம், ஏனென்றால் எந்தப் பக்கம் வளைத்தாலும் எங்கள் சத்தம் மாறவே இல்லை.

ஊளை என்றால் டிஃபரென்ஷியல். குறிப்பிட்ட ஒரு வேகத்தில், உதாரணமாக 50-லிருந்து 60-க்குள், ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் ஊளையிட்டு, காலை எடுத்ததும் அடங்கினாலோ, அல்லது அதற்கு நேர்மாறாக நடந்தாலோ, கிரௌனும் பினியனும் ஒன்றோடு ஒன்று கடிக்கிற இடம் மாறிவிட்டது, அல்லது பினியன் பேரிங் தளர்ந்துவிட்டது. இதைச் சரிசெய்ய மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே அளக்கிற கருவியும் அனுபவமும் வேண்டும், வீட்டில் தொடுகிற வேலையில்லை. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது மட்டும் டிக் டிக் டிக் என்று கேட்டால் முன் ஆக்ஸில் தண்டின் வெளி ஜாயிண்ட். கிளட்சை மிதித்தால் வருகிற, விட்டால் நிற்கிற இரைச்சல் கிளட்ச் ரிலீஸ் பேரிங். வண்டி நியூட்ரலில் நிற்கும்போது கேட்டு, கிளட்சை மிதித்ததும் நின்றுபோவது கியர்பாக்ஸின் முன் பேரிங்.

இனி ஃபோர் வீல் வண்டிக்கு மட்டுமே உரிய விஷயம், புதிதாக வாங்குகிறவர்கள் அதிகம் பயப்படுவதும் இதில்தான். மஹிந்திரா தார், ஜிப்ஸி, ஜிம்னி மாதிரி லீவர் போட்டு மாற்றுகிற வண்டிகளில் ஃபோர் ஹை போட்டதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். நேராகப் போகும்வரை பிரச்சினை இல்லை. திரும்பும்போது? மழை பெய்து மணல் ஈரமாக இருக்கும் ஒரு நாள், தோப்புக்குள் வண்டியை மெதுவாக ஒரு வட்டம் அடித்துவிட்டு இறங்கித் தடத்தைப் பாருங்கள். நாலு சக்கரமும் நாலு தனி வட்டம் போட்டிருக்கும், முன் சக்கரத்தின் வட்டம் அந்தப் பக்கத்துப் பின் சக்கரத்தின் வட்டத்துக்கு வெளியே இருக்கும். அதாவது முன் சக்கரங்களுக்கு ஓட வேண்டிய தூரம் அதிகம், ஆனால் ஷாஃப்டுகள் பூட்டியிருப்பதால் அதிகம் ஓட வழியில்லை. மணலில் ஏதாவது ஒரு சக்கரம் கொஞ்சம் சறுக்கிக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் டயர் சறுக்காது. அந்த வித்தியாசம் முழுக்க ஷாஃப்டிலும் பற்களிலும் முறுக்காக ஏறும், ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி. ஒரு அளவுக்கு மேல் ஏறினால் டயர் கீச்சென்று துள்ளும், அல்லது அடியில் டங் என்று ஒரு அடி விழும், ஸ்டீயரிங் கல்லாகிவிடும், லீவரை இழுத்தால் வராது.

என் நண்பன் ஒருவன் மணல் பாதையிலிருந்து மெயின் ரோட்டில் ஏறி, ஃபோர் ஹையை எடுக்க மறந்து, பெட்ரோல் பங்கில் வளைத்தபோது இந்த டங் கேட்டு, கியர்பாக்ஸ் போய்விட்டது என்று எனக்குப் போன் செய்தான். குரலே உடைந்திருந்தது. ஸ்டீயரிங்கை நேராக வைத்து பத்தடி ரிவர்ஸ் போ, பிறகு லீவரைத் தள்ளு என்றேன். ஏறிய முறுக்கு இறங்கியதும் லீவர் தானாக வந்தது. அன்று அவன் வண்டியில் எதுவும் கெட்டுப்போகவில்லை. ஆனால் அடிக்கடி இப்படி ஓட்டினால் கிராஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் உண்மையாகவே போகும், ஆகவே தார் ரோட்டில் சக்கரம் ஏறியதும் டூ ஹைக்கு வந்துவிடுங்கள். லீவரே இல்லாமல் எப்போதும் நாலு சக்கரமும் ஓடுகிற வண்டிகள் வேறு ரகம், அவற்றுக்கு இந்தப் பத்தி பொருந்தாது.

இந்த லீவரையே சோதனைக்கும் பயன்படுத்தலாம். மணலில் டூ ஹையில் ஒரு தடவை, ஃபோர் ஹையில் ஒரு தடவை அதே வேகத்தில் ஓட்டுங்கள். ஃபோர் ஹையில் மட்டும் வருகிற சத்தம் முன் ஷாஃப்ட், முன் டிஃபரென்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸின் முன்பக்கம் இவற்றில் ஒன்று. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் செயின் இருக்கிற வண்டிகளில், செயின் நீண்டு தளர்ந்தால், மணலில் இழுக்கும்போது பல் தாண்டி, சுத்தியலால் அடித்த மாதிரி கேட்கும். ஃபோர் லோவில் ஒரு மெல்லிய ரீங்காரம் மட்டும் கூடுதலாகக் கேட்டால் அது பல்சக்கரங்களின் இயல்பான சத்தம், விட்டுவிடுங்கள். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: முன் ஹப்பை ஆக்ஸில் தண்டிலிருந்து பிரிக்கிற வசதி இல்லாத வண்டிகளில், அல்லது பிரியாமல் மாட்டிக்கொண்ட ஹப் உள்ளவற்றில், டூ ஹையில் போகும்போதும் முன் ஷாஃப்ட் சும்மா சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அதனால் "டூ வீலில்தான் போனேன், முன்னால் இருக்க முடியாது" என்று முடிவு கட்ட முடியாது. பழைய ஜீப் மாதிரி இரண்டு நுனியிலும் போல்ட் போட்ட ஷாஃப்டாக இருந்தால், முன் ஷாஃப்டை முழுதாகக் கழற்றிவிட்டு டூ ஹையில் ஓட்டிப் பார்ப்பதுதான் சந்தேகமில்லாத வழி. சத்தம் போய்விட்டால் குற்றவாளி முன்னால்.

கழற்றுவதற்கு முன் ஷாஃப்டிலும் அது சேருகிற தட்டிலும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு போடுங்கள், வழுக்கு இணைப்பிலும் ஒரு கோடு. காரணம் இருக்கிறது: மடங்கிச் சுற்றுகிற ஒரு கிராஸ், ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை ஷாஃப்டை வேகப்படுத்தி இரண்டு தடவை மெதுவாக்கும், மறுமுனையில் இருக்கிற கிராஸ் சரியான கோணத்தில் நின்றால் அதை அப்படியே ஈடுகட்டும். கோடு போடாமல் கழற்றி, வழுக்கு இணைப்பை ஒரு பல் மாற்றிச் செருகிவிட்டால் ஈடு நடக்காது, புது அதிர்வு ஒன்று பிறக்கும், பழைய சத்தத்தைத் தேடி வந்தவர் புதுச் சத்தத்தோடு போவார்.

நம் கரைக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டியது உப்பு. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு, 2017-ல் தீவின் கடைசி நுனியான அரிச்சல்முனை வரை ரோடு வரும்வரைக்கும், முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் ஜீப்பும் வேனும்தான் மணலிலும் முழங்கால் தண்ணீரிலும் ஆட்களை ஏற்றிப் போயின. அந்த வண்டிகளின் அடிப்பாகத்தைப் பார்த்தவர்களுக்கு உப்பு இரும்பை என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ராமேஸ்வரம் தீவில் ஆண்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் வண்டியை நிறுத்தினாலும் சரி, பெண்கடல் (பாக் விரிகுடா) பக்கம் நிறுத்தினாலும் சரி, தண்ணீரில் இறங்காமலே உப்புப் படியும். படிந்த உப்பு காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்து இரும்பை எப்போதும் நனைத்தே வைத்திருக்கும். கிராஸ் மூடியின் ரப்பர் சீல் லேசாக விரிந்தால் போதும், அந்த ஈரம் உள்ளே போய் கிரீஸை வெளுக்கவைக்கும், பிறகு அதே கருப்பட்டித் தூள்.

அதைவிட மோசமானது டிஃபரென்ஷியலுக்குள் தண்ணீர் போவது. ஓடி வந்த வண்டியில் டிஃபரென்ஷியல் சூடாக இருக்கும், உள்ளே இருக்கிற காற்று விரிந்து, மேலே இருக்கிற பிரீதர் என்ற சின்னத் துளை வழியாகக் கொஞ்சம் வெளியேறியிருக்கும். அந்தச் சூட்டோடு குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்காற்று சட்டென்று சுருங்கும், சுருங்கும்போது உறிஞ்சும். பிரீதர் தண்ணீருக்கு அடியில் இருந்தால் அது வழியாகவும், அடைத்துக் கிடந்தால் ஆயில் சீல் வழியாகவும் கடல் தண்ணீரே உள்ளே போகும். தண்ணீர் போனதா என்று பார்க்க, வண்டியை ஓர் இரவு நிறுத்திவைத்துவிட்டு மட்டம் பார்க்கிற போல்ட்டைக் கழற்றி விரலை விடுங்கள். ஆயில் தேன் நிறத்திலோ கறுப்பாகவோ இருந்தால் சரி. பால் கூடுதலாக ஊற்றிய காபி மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, அன்றைக்கே மாற்ற வேண்டும், ஊளைச் சத்தம் வரும்வரை காத்திருந்தால் பேரிங் போயிருக்கும். அடிப் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதையும் பாருங்கள். சாம்பல் நிறப் பசை மாதிரி ஒட்டியிருப்பது சாதாரணத் தேய்மானம், நகத்தில் சுரண்டினால் தட்டுப்படுகிற சில்லுகள் இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது.

நல்ல தண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிற ஊரில் வண்டிக்கு அடியைக் கழுவச் சொல்வது கொஞ்சம் அதிகம்தான், தெரிகிறது. இருந்தாலும் உப்புத் தண்ணீரில் இறங்கி வந்த நாளில் மட்டும் ஷாஃப்ட், கிராஸ், டிஃபரென்ஷியல் மூன்றுக்கும் இரண்டு குடம் ஊற்றிவிடுங்கள், பிறகு கிரீஸ் துப்பாக்கியை நிப்பிளில் (கிராஸில் கிரீஸ் ஏற்றுகிற சின்ன முனை) வைத்து, கிராஸின் நாலு மூடியிலும் பழைய கிரீஸ் வெளியேறிப் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள். மூன்று மூடியில் வந்து ஒன்றில் வரவில்லை என்றால் அந்த ஒன்றுதான் அடுத்து போகப்போகிறது.

கையால் சோதிக்க: சமதளத்தில் நிறுத்தி, முன்னும் பின்னும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, எஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஷாஃப்டைப் பிடித்து முறுக்கிப் பாருங்கள், மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். சக்கரத்துக்கு ஜாக்கி போட்டால் ஸ்டாண்டும் வைக்க வேண்டும், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், பிறகு இடமும் வலமும். ஃபோர் வீல் வண்டியில் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கிவிட்டு எஞ்சினை ஓட்டி கியர் போடாதீர்கள், தரையில் இருக்கிற மற்றச் சக்கரங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடும்.

டயரையும் ஒரு தடவை சந்தேகப்படுங்கள். பெரிய பூக்கள் உள்ள டயர்கள் வேகத்தில் இயல்பாகவே உறுமும், பேரிங் மாதிரியே கேட்கும். ரோட்டின் தரம் மாறும்போது, சொரசொரப்பான தாரிலிருந்து புது வழுவழுத் தாருக்கு வரும்போது, சத்தமும் மாறினால் அது டயர். முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்றிப் போட்டுச் சத்தமும் இடம் மாறுகிறதா என்று பார்த்தால் முடிந்தது. பிரேக் தட்டுக்கும் அதன் பின்தகட்டுக்கும் நடுவில் சிக்கிய ஒரு கிளிஞ்சல்கூடக் காது கூசுகிற சத்தம் போடும், ரிவர்ஸில் கொஞ்சம் போனால் விழுந்துவிடும்.

எந்தச் சத்தத்துக்கு வண்டியை உடனே நிறுத்த வேண்டும்? தட்டுகிற சத்தத்தோடு சீட்டும் அதிர ஆரம்பித்து, வேகத்தோடு அதிர்வும் கூடினால் அங்கேயே ஓரங்கட்டுங்கள். கிராஸ் முழுதாக உடைந்து ஷாஃப்டின் முன்நுனி கீழே விழுந்தால், அது ரோட்டில் குத்தி வண்டியைப் பின்பக்கம் தூக்கிவிடும், சாதாரண விபத்தாக அது முடியாது. ஆட்களை ஏற்றிப் போகிற வண்டியாக இருந்தால் "ஊர் போய்ச் சேர்ந்துரலாம்" என்ற எண்ணமே வேண்டாம்.

போன மாசியில் எங்கள் ஜீப்பில் மறுபடியும் ஒரு சத்தம். இந்தத் தடவை ஸ்பேனரை எடுக்கவில்லை, தோப்புச் சுவர் ஓரம் ஊரவிட்டு எண்ணிவிட்டு மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். "அண்ணே, கீச் கீச்சுன்னு வருது, பத்து விநாடிக்கு அம்பது, ஃபோர் வீல் போட்டா கூடுது, டூ வீல்ல லேசா இருக்கு, லெஃப்ட் ரைட் வளைச்சாலும் மாறல, கிளட்ச் மிதிச்சாலும் நிக்கல, இன்னும் அதிரல" என்றேன். அந்தப் பக்கம் இரண்டு விநாடி பேச்சில்லை. "முன் ஷாஃப்டு கிராஸு. மெதுவா ஓட்டிட்டு வா தம்பி, நான் சாமான் எடுத்து வைக்கிறேன்" என்றார்.